குஞ்சம் கட்டிய வான்கோழி

சாமு,

இங்கே எல்லோரும் சுகம். உன் அப்பாவுக்கு மட்டும் முழங்கால் வலி. அவர் சொல்லாவிட்டால் யாருக்கும் தெரியாது, ஆனால் அவர் சொல்லாமல் இருப்பதில்லை. நேற்று நீ கேட்டதற்குப் போனிலேயே பதில் சொல்லியிருப்பேன். நாக்கு நுனி வரைக்கும் வந்துவிட்டது. ஆனால் நீ ஸ்பீக்கரில் போட்டிருந்தாய், பக்கத்தில் மீனா சிரிக்கிற சத்தமும் கேட்டது. அதனால் விழுங்கிக்கொண்டு, "எழுதி அனுப்புறேன்பா" என்று வைத்துவிட்டேன். நீ என்ன கேட்டாய் என்று உனக்கு ஞாபகம் இருக்கிறதா? "அம்மா, கிறிஸ்துமஸுக்கு மாமாவும் அத்தையும் புனேவுக்கு வராங்க. சின்ன வான்கோழி ஒண்ணு முழுசா சுடலாம்னு இருக்கோம். எப்படிமா பண்றது? நீ பண்ண மாதிரி இல்லாம, வேகுற மாதிரி சொல்லு." வேகுற மாதிரியாம்! பெற்ற பிள்ளை கேட்கிற கேள்வி.

நானும் தை மாதத்திலிருந்து பார்த்துக்கொண்டுதான் இருக்கிறேன். நிச்சயதார்த்தத்தில் ஆரம்பித்தது இந்தப் பேச்சு. வைகாசியில் உன் கல்யாண மண்டபத்தில், பந்தி பரிமாறிக்கொண்டிருந்தவன் வரைக்கும் போய்விட்டது. "வேகாத வான்கோழி" என்றால் நம் சொந்தத்தில் நான்தான். உன் மனைவி நல்ல பெண், எனக்கு அவள்மேல் ஒரு குறையும் இல்லை. ஆனால் அவள்கூட, நான் அடுப்பில் எதை வைத்தாலும், "அத்த, வெந்துடுச்சான்னு நான் ஒரு தடவ பாக்கட்டுமா?" என்று கேட்டுச் சிரிப்பாள். நானும் சிரித்து வைப்பேன். பழி ஓரிடம், பாவம் ஓரிடம் என்பார்களே, அதுதான் நடந்தது. அந்த வான்கோழி வெந்திருந்தது. பஞ்சாக வெந்திருந்தது. இதைச் சொல்ல இத்தனை மாதம் நான் வாயைக் கட்டிக்கொண்டிருந்ததற்கு ஒரு காரணம் உண்டு. நேற்று உன் போனை வைத்ததும் நேராகப் பிள்ளையார்பாளையம் போய், சொல்ல வேண்டியவரிடம் சொல்லி, அனுமதி வாங்கிக்கொண்டு வந்துதான் எழுதுகிறேன். முதலில் நீ படி, பிறகு மீனாவிடம் கொடு.

கதை வான்கோழியில் தொடங்கவில்லை, ஒரு பாட்டிலில் தொடங்கியது. மீனா தன் அப்பா நெய்த புடவைகளை முந்தானைக்குக் குஞ்சம் கட்ட என்னிடம் கொண்டுவருவாள் என்பதும், நீ லீவில் வந்தபோதெல்லாம் அவளுக்குக் கதவு திறக்க நீயே ஓடினாய் என்பதும் ஊருக்கே தெரியும். தறியிலிருந்து அறுத்த புடவையின் நூல் முனைகளை நான் முறுக்கி முடிச்சுப் போட்டுக்கொண்டிருக்க, நீங்கள் இரண்டு பேரும் என் முதுகுக்குப் பின்னால் வேறு முடிச்சுப் போட்டுக்கொண்டிருந்தீர்கள். சரி, பிள்ளைகள் ஆசைப்பட்டார்கள். மீனாவின் அப்பா ஏகாம்பரமும் அவர் மனைவி சரசுவும் முதன்முறையாக நம் வீட்டுக்கு வந்தார்கள். அவர்கள் தலைமுறை தலைமுறையாகக் கோயிலுக்கும் தறிக்கும் நடுவே வாழ்ந்தவர்கள். நாம் யார், நம் பெரியவர்கள் யார் வயலில் குனிந்து நடவு நட்டார்கள் என்பதெல்லாம் அவர்களுக்குத் தெரியும், நமக்கும் தெரியும், யாரும் அதைப் பற்றி ஒரு வார்த்தை பேசவில்லை. நான் டிகிரி காபி போட்டு, வெள்ளி டம்ளரில் ஊற்றி வைத்தேன். ஏகாம்பரம் அதைப் பார்த்து, "எதுக்குமா சிரமம்? வெயிலா இருக்குது, கூல் டிரிங்க்ஸ் பாட்டில் இருந்தா போதும்" என்றார். நீ கடைக்கு ஓடிப் போய் வாங்கி வந்தாய். மூடி திறக்காத பாட்டில். அவர்களே திறந்து, வாய் வைக்காமல் அண்ணாந்து குடித்தார்கள். காபியில் ஆடை கட்டியது.

உனக்கு அது புரிந்ததோ இல்லையோ, நீ மீனாவைப் பற்றியே நினைத்துக்கொண்டிருந்தாய். எனக்குப் புரிந்தது. ரொம்ப வலித்தது, சாமு. மனுஷன் மரியாதை இல்லாமல் நடக்கவில்லை. பெண் கொடுக்க மாட்டேன் என்றும் சொல்லவில்லை. "பசங்க சந்தோசம்தான் முக்கியம்" என்றுதான் சொன்னார். ஆனால் பெண்ணைக் கொடுப்பேன், கை நனைக்க மாட்டேன் என்றால் என்ன அர்த்தம்? நாளைக்கு உன் பிள்ளைக்குப் பெயர் வைக்கிற அன்றைக்கும் இவர்கள் பாட்டிலோடு உட்கார்ந்திருப்பார்களா? நான் கட்டிய குஞ்சம் அவர் புடவையில் சாமி சந்நிதி வரைக்கும் போகலாம், நான் போட்ட காபி அவர் தொண்டையில் இறங்காதா? அவர்கள் போன பிறகு உன் அப்பாவிடம் சொன்னேன்: "அந்த ஆளு நம்ம ஊட்ல சாப்பிட்டாத்தான் இந்தக் கல்யாணம். இல்லன்னா எனக்கு மனசு ஒப்பாது." அப்பா பயந்துவிட்டார். "பசங்க வாழ்க்கைமே, நீ பாட்டுக்கு எதுனா கெளப்பாத" என்றார். நான் கிளப்பவில்லை. சமைக்கலாம் என்று முடிவு செய்தேன்.

ஏன் வான்கோழி, ஏன் முழுசாக என்று நீ அப்போது போனில் கேட்டாய். "விசேஷமா இருக்கட்டும்னுதான்" என்று மழுப்பினேன். நிஜக் காரணத்தை இப்போது சொல்கிறேன். குழம்பு வைத்தாலும் பிரியாணி செய்தாலும் துண்டு போட்ட கறி. நம் வீட்டில் துண்டு போட்ட கறியைப் பார்த்தால் சிலருக்கு, "என்ன கறியோ" என்று ஒரு யோசனை ஓடும். வாயால் கேட்க மாட்டார்கள், விரலால் புரட்டிப் பார்ப்பார்கள். அந்தப் புரட்டலை நான் சின்ன வயதிலிருந்து பார்த்திருக்கிறேன். முழுப் பறவைக்கு அந்தச் சந்தேகமே கிடையாது. ரெக்கை இருக்கிறது, கால் இருக்கிறது, கோழியைவிடப் பெரிசு, மயிலைவிடச் சிறிசு; நான் இன்னார் என்று அதுவே சொல்லிவிடும். வேண்டாம் என்று சொல்வதானால், இவ்வளவு பெரிய ஒன்றை நேருக்கு நேர் பார்த்து வேண்டாம் என்று சொல்லட்டும் பார்க்கலாம் என்று ஒரு வீம்பும் எனக்கு இருந்தது. நாள் பார்த்ததிலும் நான் விடவில்லை. கிருத்திகை, பிரதோஷம், சஷ்டி, அமாவாசை எதுவும் இல்லாத ஒரு ஞாயிற்றுக்கிழமையைத் தை மாதத்தில் தேடிப் பிடித்தேன். சர்ச் காலண்டரில் அதெல்லாம் இருக்காதே, எதிர்வீட்டு நாள்காட்டியை வாங்கிப் பார்த்தேன். "இன்னாக்கா, மதம் மாறிட்டியா?" என்று எதிர்வீட்டுக்காரி கேட்டாள். உனக்கு லீவு கிடைக்கவில்லை. நீ இல்லாததும் ஒரு வகையில் நல்லதாகப் போயிற்று.

இனி கவனமாகப் படி, சமையல் வருகிறது. வான்கோழி வாங்கும்போது இளம் பெட்டையாகக் கேள். சுத்தம் செய்த பிறகு மூன்று கிலோவுக்குள் இருக்க வேண்டும், அதற்கு மேல் போனால் உங்கள் ஓவன் கதவு மூடாது. உன் அப்பா வாலாஜாபாத் பக்கம் ஒரு வீட்டில் வளர்க்கிறார்கள் என்று வண்டியில் போய், கூடையில் கட்டி எடுத்து வந்தார். வழியெல்லாம் அது கத்திக்கொண்டே வந்ததாம், பஸ்ஸில் போனவர்கள்கூட எட்டிப் பார்த்தார்களாம். கறிக்கடைக்காரர் இறகையெல்லாம் பிடுங்கி, மஞ்சள் தடவி, தீயில் வாட்டி, பழக்கதோஷத்தில் கத்தியை ஓங்கிவிட்டார். அப்பா போட்ட சத்தத்தில் பக்கத்து மீன் கடைக்காரரும் திரும்பிப் பார்த்தாராம். "வெட்டாத! முழுசா வேணும்பா!" "முழுசாவா? எந்தச் சாமிக்கு?" "சம்பந்திக்கு." அதனால் நீயும் கத்தியை எடுக்கும் முன்பே சொல்லிவிடு. தோலையும் உரிக்க விடாதே, தோல் இல்லாவிட்டால் கறி வறண்டு நார் நாராகப் போய்விடும்.

முந்தின நாளே மசாலா தடவ வேண்டும். பூண்டு, இஞ்சி, மிளகு, கொஞ்சம் மஞ்சள், உப்பு, எலுமிச்சைச் சாறு, இவற்றை வெண்ணெயில் குழைத்துக்கொள். மார்புப் பக்கம் தோலுக்கும் கறிக்கும் நடுவே விரலை மெதுவாக விட்டால் பை மாதிரி பிரிந்து கொடுக்கும். அதற்குள் பாதி வெண்ணெயை விடு, மீதியை வெளியே பூசு. அவசரப்பட்டுத் தோலைக் கிழித்துவிடாதே. உனக்கு நோட்டுப் புத்தக அட்டையைக்கூட ஒழுங்காகப் பிரிக்க வராது, மீனாவைச் செய்யச் சொல். அவள் நெசவாளி மகள், அறுந்த இழையைப் பிணைத்த கை. வயிற்றுக்குள் ஒரு வெங்காயம், ஒரு முழுப் பூண்டு, பிழிந்த எலுமிச்சை மூடி, ஒரு கொத்துக் கறிவேப்பிலை வை. ஃப்ரிட்ஜில் வைத்துவிட்டு, மறுநாள் சுடுவதற்கு ஒரு மணி நேரம் முன்பு வெளியே எடு. சில்லென்று இருக்கும்போது ஓவனில் தள்ளினால் மேலே கருகி, உள்ளே அப்படியே இருக்கும். ஓவனையும் முன்கூட்டியே சூடாக்கிவிடு. நூற்றெழுபது, நூற்றெண்பது போதும். கிலோவுக்கு முக்கால் மணி நேரம் என்று ஒரு கணக்கு, ஆனால் கணக்கை நம்பாதே. முதல் பாதிக்கு மேலே ஃபாயிலைப் போட்டு மூடு. பிறகு எடுத்துவிட்டு, தட்டில் இறங்கும் நெய்யை அவ்வப்போது கரண்டியால் மொண்டு மேலே ஊற்று.

இங்கேதான் எனக்கு வினை வந்தது. நம் ஓவன் கேக் சுட வாங்கியது. பறவையை உள்ளே வைத்தால் இரண்டு காலும் அகட்டிக்கொண்டு நிற்கிறது, மேல் கம்பியில் போய் இடிக்கிறது. கொஞ்ச நேரத்தில் புகை. கால்களைச் சேர்த்துக் கட்டினால்தான் ஆயிற்று. தையல் நூலால் கட்டினேன், பட்டென்று அறுந்தது. வாழை நாரால் கட்டினேன், கருகி நாற்றம் எடுத்தது. மோட்டார் காயில் கட்டுகிற உன் அப்பா தன் கடைச் சாமானைக் கொண்டு வந்து நீட்டுகிறார்: "செம்புக் கம்பி இருக்குதே, சுத்திடலாமா?" "யோவ், இது வான்கோழியா, மிக்ஸியா? தள்ளி நில்லு" என்று துரத்திவிட்டேன். அப்போதுதான் அலமாரியில் என் டப்பா கண்ணில் பட்டது. குஞ்சம் கட்டி முடித்ததும் கத்தரிக்கிற மிச்ச நூலை நான் எறிவதில்லை, உனக்குத் தெரியும். மேலாகவே இருந்தது நல்ல நீளமான அரக்கு நிறப் பட்டு. பட்டைப் போல உறுதி எதற்கு உண்டு? நாலு புரியாக முறுக்கி, இரண்டு காலையும் சேர்த்துக் கட்டினேன். கை சும்மா இருக்குமா? இத்தனை வருஷப் பழக்கம், முடிச்சுக்குக் கீழே நுனியைப் பிரித்துவிட்டு அழகாக ஒரு குஞ்சமும் வைத்துவிட்டேன். மாப்பிள்ளை அழைப்புக்குப் போகிற மாதிரி இருந்தது பறவை. நானே நின்று ரசித்தேன்.

ஓவனிலிருந்து எடுத்தபோது நிறம் எப்படி இருந்தது தெரியுமா? நல்லெண்ணெய் தேய்த்த தேக்கு மரம் மாதிரி. தொடையும் உடம்பும் சேருகிற இடத்தில் கம்பியால் குத்திப் பார்த்தேன், தெளிந்த நீர் வந்தது. இதுதான் நீயும் பார்க்க வேண்டியது. சிவப்பாக வந்தால் வேகவில்லை, தெளிவாக வந்தால் வெந்தது. எடுத்த உடனே வெட்டாதே, அரை மணி நேரமாவது மூடி வை, சாறு கறிக்குள்ளேயே இழுத்துக்கொள்ளும். நான் வேண்டுமென்று மூடி வைக்கவில்லை. ராஜவீதியில் சாமி புறப்பாடு, சம்பந்தி வண்டி அந்தப் பக்கம் மாட்டிக்கொண்டது. நான் வாசலுக்கும் சமையலறைக்கும் நடந்துகொண்டிருந்தேன். வரவே மாட்டார்களோ என்றுகூட ஒரு நேரம் தோன்றியது. கடைசியில் வந்தார்கள். ஏகாம்பரம் வெள்ளை வேட்டி, சட்டை, நெற்றியில் திருநீறு. வந்து உட்கார்ந்ததுமே, "வழியில பிரசாதம் குடுத்தாங்கமா, வயிறு ரொம்பிடுச்சு" என்றார். எனக்குச் சுருக்கென்றது. விரதத்துக்கு நாள் பார்த்தவள் பிரசாதத்துக்குப் பார்க்காமல் போனேனே!

அப்பா தட்டைத் தூக்கி வந்து மேஜை நடுவில் வைத்தார். ஏகாம்பரத்தின் கண் விரிந்ததை நான் பார்த்தேன். சரசு, "ஐயோ, இம்மாம் பெரிசா!" என்று வாயில் கை வைத்தாள். அந்த ஒரு நிமிஷம் ஜெயித்துவிட்டேன் என்றே நினைத்தேன். அப்பா கத்தரிக்கோலால் குஞ்சத்தை வெட்டினார். இரண்டு காலும் பிரிந்தன. பிரிந்த இடத்தில், தொடை இடுக்கில், குப்பென்று சிவப்பு. அது கீழே இறங்கி வெள்ளைப் பீங்கான் தட்டில் ஓடியது.

"ஐயோ, ரத்தம்!" என்று சரசு நாற்காலியைப் பின்னால் தள்ளிவிட்டாள். "வேகவே இல்லியேமா!"

அப்பா என்னைப் பார்க்கிறார், நான் தட்டைப் பார்க்கிறேன். எனக்கு ஒரு நொடியில் விளங்கிவிட்டது. ரத்தம் இப்படி ரோஜாப்பூ நிறத்தில் இருக்காது. மூடி வைத்திருந்த நேரத்தில் கொதிக்கிற நெய்யும் உப்பும் எலுமிச்சையும் சேர்ந்து நூலின் சாயத்தை இறக்கி, இடுக்கில் தேக்கிவிட்டன. அந்த நூல் யாருடையது? அந்த டப்பாவில் மேலாக இருந்தது கடைசியாக மீனா கொண்டு வந்த புடவையின் மிச்சம். எதிரே உட்கார்ந்திருக்கிற மனுஷனின் தறி நூல். சாமு, நீ இந்த ஊரில் பிறந்தவன், உனக்குத் தெரியும். காஞ்சிபுரத்து நெசவாளியை என்ன சொல்லித் திட்டினாலும் பொறுத்துக்கொள்வான். "உன் புடவை சாயம் போகுது" என்று சொல்லிவிட்டால் அதோடு தீர்ந்தது. உண்மையைச் சொன்னால் சம்பந்தியை அவர் மனைவி முன்னாலேயே அவமானப்படுத்தின மாதிரி, கல்யாணம் நின்றாலும் நின்றுவிடும். சொல்லாமல் விட்டால் வேகாத கறி, அவர்கள் சாப்பிடாமல் எழுந்திருக்க இதைவிட நல்ல சாக்கு வேண்டாம். எனக்கு வேண்டியதெல்லாம் அவர் கை நனைப்பது ஒன்றுதான், அதுவே போகிறது. ஆனாலும் உன் முகம்தான் எனக்கு முன்னால் வந்தது.

"ஆமாங்க, வேகலை" என்றேன். "எனக்குத்தான் பதம் தெரியல. மன்னிச்சுக்குங்க. உள்ள எடுத்துக்கினு போறேன்."

தட்டைத் தூக்கிக்கொண்டு சமையலறைக்குள் போனேன். கண் கலங்கி வழி தெரியவில்லை. தட்டை மேடையில் வைத்துவிட்டுத் திரும்பினால் ஏகாம்பரம் நிற்கிறார். நம் சமையலறைக்குள். கையில் அப்பா வெட்டிப் போட்ட குஞ்சம்.

"இது எந்த நூலுமா?"

அவர் அதை ஜன்னல் வெளிச்சத்தில் பிடித்தார். கட்டை விரலுக்கும் ஆள்காட்டி விரலுக்கும் நடுவே வைத்துத் தேய்த்தார். விரல் சிவந்தது. அதை அப்படியே வேட்டி ஓரத்தில் துடைத்தார், வேட்டியில் ஒரு சிவப்புக் கோடு விழுந்தது.

"எங்க ஊட்டு அரக்கு ஆச்சே இது. வெந்துடுச்சா, வேகலியா? நெசத்த சொல்லுங்க."

"நல்லா வெந்துதாங்க இருக்குது."

"அப்ப இன்னாத்துக்கு வேகலன்னு சொன்னீங்க?"

எனக்கு அதுவரை அடக்கி வைத்திருந்த கோபமெல்லாம் பொங்கிக்கொண்டு வந்தது. "பின்ன இன்னா சொல்றது? பொண்ணு குடுக்க வந்த மனுசனப் பாத்து உங்க சாயம் போவுதுன்னு எந்த வாயால சொல்றது? என் சமையலு போனா போவட்டும். நீங்க எப்படியும் சாப்பிடப் போறதில்ல!"

சொன்ன பிறகுதான் கடைசி வாக்கியம் வெளியே வந்துவிட்டது என்பது எனக்கே தெரிந்தது. அவர் மூலையில் இருந்த காலி சிலிண்டர் மேல் போய் உட்கார்ந்துகொண்டார். குஞ்சத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு அவர் தோள் குலுங்கியது. அழுகிறாரோ என்று பதறிவிட்டேன். மனுஷன் சிரிக்கிறார்! "பொறந்ததுலேர்ந்து தறி மோட்ல உக்காந்துக்கினு இருக்கேன். என் சாயத்த வெளுக்க ஒரு வான்கோழி வரணுமா?" என்று வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தார். நானும் சிரித்துவிட்டேன். திடீரென்று அவர் சிரிப்பு நின்றது. முகம் மாறிவிட்டது. "அம்மா, இதே கட்டு நூல்லதான் மீனாவோட கூறைப்புடவைக்குப் பாவு போட்டிருக்குது. இன்னும் ஒரு முழம்கூட நெய்யல." வைகாசி வெயில், மண்டபத்துக் கூட்டம், ஹோமப் புகையோ சர்ச் புழுக்கமோ எதுவாயிருந்தாலும் வேர்வை ஊற்றும், பக்கத்தில் நீ வெள்ளை வேட்டியில். இரண்டு பேருக்கும் அந்தக் காட்சி ஒரே நேரத்தில் கண்ணில் வந்தது. "தாலி கட்டி எழுந்திருக்கசொல்ல மாப்பிள வேட்டியும் அரக்கு!" என்று அவர் தலையில் அடித்துக்கொண்டார்.

பிறகு எழுந்து, குழாயில் கை கழுவினார். சாயம் பட்ட பக்கத்தைத் தள்ளிவிட்டு, மார்பிலிருந்து ஒரு பெரிய துண்டைப் பிய்த்து, நின்றபடியே வாயில் போட்டு மென்றார். அவர் விழுங்கினார். இன்னொரு துண்டு பிய்த்தார்.

"சம்பந்திம்மா, உப்பு ஒரு கல்லு கம்மி" என்றார்.

அதுவரைக்கும் என்னை அவர் வெறும் "அம்மா" என்றுதான் கூப்பிட்டிருந்தார். என் சமையலில் உப்பு குறை என்று வேறு யாராவது சொல்லியிருந்தால் நடந்திருப்பதே வேறு, அது உனக்குத் தெரியும். அன்றைக்கு எனக்கு அடுப்புப் பக்கம் திரும்பி முந்தானையால் முகத்தைத் துடைக்க வேண்டியிருந்தது. விருந்தாளி குறை சொல்ல மாட்டான். சொந்தக்காரன்தான் உப்பு குறை என்பான். சாயம் பட்ட தோலையும் தொடையையும் வெட்டி எறிந்துவிட்டு, மிச்சத்தை மேஜைக்குக் கொண்டு போனோம். ஏகாம்பரம் சரசுவிடம் விரலைக் காட்டினார். அவள் முதலில் நம்பவில்லை, பிறகு அவளும் தட்டை இழுத்துக்கொண்டாள். பிரசாதத்தில் நிரம்பிய வயிறு இரண்டு பேருக்கும் எங்கே போனதோ, ரெக்கை எலும்புகூட மிஞ்சவில்லை.

கிளம்பும்போதுதான் அவர் முகம் சுருங்கியது. இந்த விஷயம் மீனா காதுக்குப் போனால், கூறைப்புடவை சாயம் போயிற்று என்பதைக் கெட்ட சகுனமாக நினைத்துக் கலங்குவாள். தெருவுக்குப் போனால் அவர் பெயரே போகும். "வேகலன்னே இருக்கட்டுங்க" என்றேன் நான். "என் பேரு கெட்டா இன்னொரு நாள் ஆக்கிக் காட்டிக்கிறேன். உங்க பேரு அப்படி இல்ல." அன்றிரவே சரசு மீனாவிடம், "வான்கோழி வேகலடி" என்று சொல்லிவிட்டாள், அந்தப் பெயர் எனக்கு நிலைத்துவிட்டது. ஏகாம்பரம் சும்மா இருக்கவில்லை. அந்தக் கட்டு நூலில் நெய்த ஒரே புடவை கடையில் விற்காமல் இருந்தது, அதைத் திருப்பி வாங்கிக்கொண்டார். தறியில் ஏற்றியிருந்த பாவு நூலை அறுத்துப் போட்டார். சாயப்பட்டறையில் அவர் போட்ட சண்டை தெருமுனை வரைக்கும் கேட்டதாம். அரக்கு என்று பேசிவிட்டு ஏன் மாம்பழக் கலர் புடவை வந்தது என்று கல்யாணத்தன்று என்னிடம் நீ கேட்டாய், "மாமாவுக்கு மனசு மாறிடுச்சுபா" என்றேன். பொய் சொல்லவில்லை பார்.

நேற்று நான் போய், "பசங்ககிட்ட சொல்லிடட்டுங்களா? புள்ளையே என்னக் கிண்டல் பண்றான்" என்று கேட்டேன். தறியில் உட்கார்ந்திருந்தவர் எழுந்து வந்தார். "எழுதுங்க சம்பந்திம்மா. என் பழிய எத்தினி நாளைக்கு நீங்க சுமப்பீங்க? அந்தப் பொண்ணுக்கும் தெரியட்டும், அவ மாமியா எப்பேர்ப்பட்டவன்னு" என்றார். எனக்குக் காபி கொடுத்தார்கள், அவரும் என்னோடு உட்கார்ந்து குடித்தார். கிளம்பும்போது ஒரு பொட்டலம் கொடுத்தார். அதைத்தான் இந்தக் கவரில் வைத்திருக்கிறேன். சாயமே ஏற்றாத வெள்ளைப் பட்டு நூல், ஒரு சின்னக் கட்டு. அவரே முன்பே வெந்நீரில் அலசி, காய வைத்திருந்தது. "மாப்பிளகிட்ட சொல்லுங்க, இதுல கட்டச் சொல்லி. இது போறதுக்கு ஒண்ணுமில்ல" என்றார். குஞ்சம் வைக்க மீனாவுக்குத் தெரியும்.

நாங்கள் கேக் ஆர்டரெல்லாம் முடித்துவிட்டு வருஷப் பிறப்புக்கு வருகிறோம். அதுவரை நல்லபடியாக இருங்கள், சண்டை போட்டால் சாப்பிடுவதற்குள் முடித்துக்கொள்ளுங்கள். உப்பு ஒரு கல் கூடவே போடு. மாமனாருக்கு மார்புக் கறி பிடிக்கும், முதலில் அவருக்கு வை. இன்னொன்று, அவர்கள் வருகிற அன்றைக்குக் கடைக்கு ஓடிப் போய் கூல் டிரிங்க்ஸ் பாட்டில் எதுவும் வாங்கி வைக்காதே. காபி போடு.

உன் அம்மா